எபிஃபோன் எஸ்ஜி, லெஸ் பால்: எல்லாம் ஒன்றாக இருந்தும் சத்தம் ஏன் வேறு?

பாளை_ரிதம்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன், கொடை சீசன் வந்தால் ஒரு ஆர்கெஸ்ட்ராவோடு ஊர் ஊராகச் சுற்றுவேன். கையில் இருப்பது யமஹா பசிஃபிகா 012. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப், அதாவது கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் காந்தத் துண்டு) வைத்த கிட்டார் ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பணம் இப்போதுதான் சேர்ந்தது.

சென்னைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே ஒரு கடையில் எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 50ஸ், எஸ்ஜி ஸ்டாண்டர்ட் என்ற இரண்டு எலக்ட்ரிக் கிட்டாரையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒரே ஆம்ப், ஒரே கேபிள். இடையில் ஆம்பில் எந்த நாபையும் தொடவில்லை. லெஸ் பால் தோளிலும் கனம், சத்தத்திலும் கனம். ஈ மேஜரை ஓப்பனாக ஒரு தட்டுத் தட்டினால் அடிவயிறு வரை இறங்குகிறது. எஸ்ஜி அப்படி இல்லை. பேஸ் மெலிந்து, நடுவில் ஒரு முரட்டுத்தனத்தோடு கேட்கிறது. பிரிட்ஜ் (உடம்பில் கம்பியைத் தாங்கும் பாலம்) பக்கத்துப் பிக்கப்புக்கு மாற்றினால் சத்தம் கடிக்கிறது. எனக்கு அந்தக் கடியும் பிடித்திருக்கிறது, அதுதான் குழப்பம்.

எனக்குத் தெரிந்தவரை இரண்டுமே மஹாகனி, இரண்டிலும் கம்பி நீளம் 24.75 அங்குலம், இரண்டிலும் ஒரே பிக்கப், ஒரே மாதிரி பிரிட்ஜ், இரண்டு வால்யூம், இரண்டு டோன். அப்புறம் எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்? கூட வந்த நண்பன் ‘லெஸ் பால் உடம்பு தடி, அதனால் சத்தமும் தடி’ என்கிறான். எங்கள் கீபோர்டு அண்ணனிடம் போனில் கேட்டால் ‘எல்லாம் உன் மனப்பிராந்தி, விலை குறைந்ததை வாங்கு’ என்கிறார்.

நான் வாசிப்பது இரண்டு வகை. சர்ச்சில் நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பில் கிளீனாக ஆர்ப்பெஜியோ, அதாவது கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது. ஆர்கெஸ்ட்ராவில் பழைய சினிமாப் பாட்டுகளுக்கு லீட், கொஞ்சம் ஓவர்டிரைவ் (சத்தத்தை முரடாக்குவது). நின்றுகொண்டே நான்கைந்து மணி நேரம் போகும். திங்கட்கிழமை வரை சென்னையில் இருப்பேன், அதற்குள் முடிவு எடுக்க வேண்டும்.

தேக்குமரம்

நண்பர் சொன்னதுதான் சரி. லெஸ் பாலில் மஹாகனிக்கு மேலே மேப்பிள் ஒட்டியிருக்கிறார்கள், உடம்பு எஸ்ஜியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடிமன். கனமான கட்டையில் சத்தம் நின்று பேசும். எஸ்ஜி பலகை மாதிரி, 35 மி.மீ. கூடத் தேறாது. காதை நம்புங்கள், லெஸ் பாலை எடுங்கள்.

உறையூர்_சால்டர்

தம்பி, முதலில் உங்கள் கேள்வியில் இருக்கிற ஓட்டையை அடைத்துவிடுவோம். ‘ஒரே பிக்கப்’ என்கிறீர்களே, அது இல்லை. லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 50ஸில் இருப்பது ப்ரோபக்கர், உள்ளே அல்னிகோ 2 காந்தம். எஸ்ஜி ஸ்டாண்டர்டில் வருவது அல்னிகோ கிளாசிக் ப்ரோ. மேலே பார்க்க இரண்டும் ஒரே பளபள மூடி, உள்ளே வேறு சரக்கு. மரமும் ஒன்றில்லை, தேக்குமரம் சொன்ன மேப்பிள் மூடி எஸ்ஜியில் கிடையாது. நெக்கும் ஒன்றில்லை. 50ஸ் நெக் உள்ளங்கையை நிரப்பும், எஸ்ஜி நெக் மெலிசு. ஆக, ‘எல்லாம் ஒன்று’ என்று தொடங்கிய கணக்கில் கம்பி நீளமும் பிரிட்ஜும் நாபுகளின் எண்ணிக்கையும் மட்டும்தான் தேறுகின்றன.

இனி கடைக்கு வருவோம். நான் வீட்டிலேயே கிட்டார் ரிப்பேர் பார்ப்பவன். முன்பு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தேன், இப்போது பெரும்பாலும் சால்டரிங் அயர்னோடுதான் வாழ்க்கை. ‘இது அதைவிட நன்றாகப் பேசுகிறது’ என்று இரண்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மரத்தை அல்ல, கம்பியை. கடையில் தொங்கும் கிட்டாரில் எத்தனை பேர் வியர்வை ஏறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் சென்னைக் கடற்காற்றில். ஒன்றில் கம்பி புதுசு, இன்னொன்றில் கறுத்துப்போனது என்றால் நீங்கள் கேட்டது கம்பியின் வயசை.

அடுத்தது பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். எபிஃபோனின் தாய்க் கம்பெனியான கிப்ஸன் வகைக்கு வழக்கமாகச் சொல்கிற அளவு நெக்கில் 2.4 மி.மீ., பிரிட்ஜில் 1.6 மி.மீ. கடையில் இது எப்படி இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு பிக்கப் ஒரு மில்லிமீட்டர் ஏறி நின்றால் சத்தம் பெரிதாகும். பெரிதான சத்தத்தைக் காது ‘தடித்த, நல்ல சத்தம்’ என்றே எடுத்துக்கொள்ளும். ஆம்ப் நாபைத் தொடவில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். தொட்டிருக்க வேண்டும் தம்பி. இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும்படி வைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

பிறகு பாட், அதாவது வால்யூம், டோன் நாபுக்கு அடியில் இருக்கும் மாறும் தடை. 500 கிலோ ஓம் என்று எழுதியிருக்கும், ஆனால் 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது பொதுவான அனுமதி. ஒரு கிட்டாரில் 410, அடுத்ததில் 580 இருந்தாலும் இரண்டும் ‘500’தான். குறைவாக இருக்கிற கிட்டாரில் ஓரச் சத்தம் கொஞ்சம் மழுங்கும். ஒரே மாடலில் இரண்டு கிட்டாரை எடுத்தாலே இந்த வித்தியாசம் இருக்கும் என்னும்போது, இரண்டு மாடலுக்கு நடுவே எதை மரத்தின் மேல் போடுவது? (பிக்கப்பை மல்டிமீட்டரில் அளந்துவிட்டு இணையத்தில் பார்த்த எண்ணோடு சண்டை போடுகிறவர்களுக்கும் ஒன்று. செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டிய பிக்கப் எங்கள் ஊரில் 35 டிகிரியில் ஏறக்குறைய 8.5 காட்டும். பிக்கப் மாறவில்லை, வெயில்தான் மாறியது.)

இதெல்லாம் பலரும் சொல்வதுதான். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. உங்கள் வலது கை எங்கே விழுகிறது என்று கவனித்தீர்களா?

லெஸ் பாலில் மேல் ஸ்ட்ராப் பட்டன் நெக்குக்குப் பக்கத்தில் உடம்பின் தோளில் இருக்கிறது. நெக்கும் உடம்பும் சேருவது 16-வது ஃப்ரெட் பக்கம். எஸ்ஜியில் உடம்பு ரொம்பப் பின்வாங்கி, நெக் கிட்டத்தட்ட முழுசாக வெளியே நிற்கிறது. அதன் பட்டன் நெக் அடியில், பின்பக்கம். ஆகவே எஸ்ஜியை மாட்டிக்கொண்டு நின்றால் மொத்தக் கிட்டாரும் இடப்பக்கம் நகர்ந்து தொங்கும். முதல் ஃப்ரெட் தூரமாகப் போய்விட்டதே என்று இடது கை உடனே கண்டுபிடிக்கும். வலது கை கண்டுபிடிக்காது. அது எப்போதும் விழும் இடத்தில்தான் விழும், ஆனால் பிரிட்ஜ் அதை நோக்கி நகர்ந்து வந்திருக்கும். நீங்கள் அறியாமலே கம்பியைப் பிரிட்ஜுக்குக் கிட்டத்தில் மீட்டுகிறீர்கள். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் பேஸ் குறையும், மேல் சுரங்கள் தூக்கும். ‘மெலிந்து, கடிக்கிறது’ என்று நீங்கள் எழுதியதில் ஒரு நல்ல பங்கு அதுதான் என்பது என் கணிப்பு.

சோதித்துப் பார்க்க மாஸ்கிங் டேப் போதும். பிரிட்ஜிலிருந்து 10 செ.மீ. தள்ளி, அதாவது இரண்டு பிக்கப்புக்கும் நடுவில், இரண்டு கிட்டாரின் பிக்கார்டிலும் (உடம்பின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு) சின்னத் துண்டு ஒட்டுங்கள். அந்தக் கோட்டுக்கு நேரே மட்டும் மீட்டுங்கள். புதுக் கம்பி, சரியான பிக்கப் உயரம், ஒரே உரப்பு. பிறகு சொல்லுங்கள், எவ்வளவு வித்தியாசம் மிச்சம் இருக்கிறது என்று.

பாளை_ரிதம்

அண்ணா, இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவே இல்லை. ஸ்ட்ராப் பட்டன் விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை, கடையில் எஸ்ஜியில் சி கார்டு பிடிக்கப் போய் டி பக்கம் கை விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாளைக்கே டேப்போடு போகிறேன். கடைக்காரர் துரத்தாமல் இருந்தால் சரி.

கோவை_கொம்பு

நான் பல வருஷமாக எஸ்ஜி வாசிக்கிறவள், அதனால் சார்பு உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன்.

உறையூர் அண்ணன் சத்தத்தைப் பார்த்துக்கொள்வார். நான்கைந்து மணி நேரம் நிற்க வேண்டும் என்றீர்களே, அதற்கு என் பதில். எபிஃபோன் லெஸ் பால் ஏறக்குறைய 4 கிலோ. எஸ்ஜி சுமார் 3. கடையில் பத்து நிமிஷத்தில் இந்த ஒரு கிலோ தெரியாது. மேடையில் இரண்டாவது மணி நேரத்தில் தோள்பட்டை தனியாகப் பேச ஆரம்பிக்கும். கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போதும் பேசும்.

ஆனால் எஸ்ஜியை இலவசமாகப் புகழ மாட்டேன். உடம்பு லேசு, நெக் நீளம். கையை விட்டால் தலைப்பக்கம் கீழே சாயும். வழவழப்பான நைலான் ஸ்ட்ராப் போட்டால் இரவெல்லாம் இடது கையால் நெக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசிப்பீர்கள், மணிக்கட்டு போய்விடும். உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிற அகலமான தோல் ஸ்ட்ராப் போடுங்கள், அது சட்டையில் பிடித்துக்கொள்ளும். எனக்கு அதிலேயே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று. எஸ்ஜியின் நெக் வளைந்துகொடுக்கும். ஒரு கார்டு அடித்துவிட்டு நெக்கை முன்னே லேசாகத் தள்ளினால் சுருதி ஆடுவது காதுக்கே தெரியும். சிலர் இதையே வைப்ரேட்டோவாக வேண்டுமென்றே செய்வார்கள். தெரியாமல் செய்தால் ‘டியூனிங் நிற்கவில்லை’ என்று புலம்ப வேண்டியதுதான். சர்ச்சில் மெதுவாக ஆர்ப்பெஜியோ வாசிக்கும்போது இடது கையின் பாரத்தை நெக்கில் தொங்கவிடாதீர்கள், பக்கத்தில் பியானோ இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கெல்லாம் கிடைக்கிற கூலி, மேல் ஃப்ரெட்டுகள். 22-வது ஃப்ரெட் வரை கை தங்குதடை இல்லாமல் போகும். லெஸ் பாலில் 17-க்கு மேல் போனாலே உடம்பு உள்ளங்கையில் இடிக்கும். லீட் வாசிக்கிறவர் என்பதால் சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். இந்த இரண்டு கிட்டாரிலும் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும், ட்ரஸ் ராடுக்காக (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பி) குடைந்த இடமும் அங்கேயேதான். விழுந்தால் கழுத்துத்தான் முதலில் போகும். ஆர்கெஸ்ட்ரா வேனில் போகிறவருக்கு ஹார்டு கேஸ் ஆடம்பரம் இல்லை.

தேக்குமரம்

அப்படியென்றால் மரத்துக்கு வேலையே இல்லையா? வீணைக்குப் பலாமரம்தான் வேண்டும் என்று தேடுகிறார்கள், அவர்கள் எல்லோரும் ஏமாளிகளா? ஆம்பில் போடாமல் இரண்டையும் வெறுமனே மீட்டிப் பாருங்கள், வித்தியாசம் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

உறையூர்_சால்டர்

வீணையில் குடம்தான் சத்தத்தைக் காற்றில் தள்ளுகிறது. அங்கே மரம் ராஜா, நான் ஏன் மறுக்கப் போகிறேன்? எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் கேட்பது கம்பியின் ஆட்டத்தை மட்டும். உடம்பும் நெக்கும் அந்த ஆட்டத்திலிருந்து எதைத் திருடுகின்றன என்பதுதான் இங்கே கேள்வி.

திருடுகின்றன, அதை ஒத்துக்கொள்கிறேன். கிட்டத்தட்ட எல்லாக் கிட்டாரிலும் ஏதோ ஒரு கம்பியில், ஏதோ ஒரு ஃப்ரெட்டில், சுரம் சட்டென்று செத்துப்போகும். பக்கத்து ஃப்ரெட்டில் நன்றாக நிற்கும், இதில் நிற்காது. நெக் அந்தச் சுரத்தோடு சேர்ந்து ஆடி, கம்பியின் சக்தியைத் தின்றுவிடுவதுதான் காரணம். கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிட்டார் தலையில், கவ்வவிட்டு மறுபடி மீட்டிப் பாருங்கள். எடை கூடியதால் அந்தச் செத்த இடம் நகர்ந்துவிடும். ஆகவே மெலிந்து நீண்ட எஸ்ஜி நெக்கும் தடித்துக் குட்டையாக நிற்கும் 50ஸ் நெக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. உங்கள் கட்சிக்கு இவ்வளவு தருகிறேன். ஆனால் நான் தருவது நெக்குக்கு, மேப்பிள் மூடிக்கு அல்ல.

வெறுமனே மீட்டினால் வித்தியாசம் தெரியும் என்பதும் சரி. பிக்கப்புக்கு அது போய்ச் சேருகிறதா என்பது வேறு வழக்கு. மேடையில் யாரும் வெறுமனே மீட்டப்போவதில்லை.

ஒரு பழைய கதை, இந்த இரண்டு கிட்டாருக்கும் பொருந்துவது. 1952-ல் வந்த லெஸ் பாலுக்கு 1961-ல் கிப்ஸன் புது உடம்பு கொடுத்தது. அந்த மெல்லிய இரட்டைக் கொம்புக் கிட்டாரிலும் முதலில் லெஸ் பால் பெயர்தான் இருந்தது. 1963 வாக்கில்தான் பெயரை எடுத்துவிட்டு எஸ்ஜி என்று ஆக்கினார்கள். பழைய தடித்த லெஸ் பால் மறுபடி தயாரிப்புக்கு வந்தது 1968-ல். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஜான் மேயாலின் பேண்டில் இருந்தபோது லெஸ் பாலில் வாசித்தார், க்ரீம் பேண்டுக்குப் போன பிறகு 1964-ஆம் வருட எஸ்ஜி ஒன்றை வண்ணம் தீட்டி வைத்துக்கொண்டு வாசித்தார். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஆம்பும் பாட்டும் காலமும் மாறியிருக்கின்றன, அதனால் இதைப் பரிசோதனை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் யார் வாசிக்கிறார் என்பதில் சந்தேகம் வருகிறதா?

பாளை_ரிதம்

போய் வந்தேன். கடைக்காரர் முதலில் முறைத்தார். இரண்டு செட் கம்பியை, தடிமன் 10-லிருந்து 46 வரை உள்ள செட், நானே காசு கொடுத்து வாங்கி இரண்டிலும் மாட்டச் சொன்னதும் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவரிடமே ஸ்கேலும் ஸ்குரூடிரைவரும் இருந்தன. லெஸ் பாலில் நெக் பிக்கப் கம்பியை முட்டாத குறையாக ஏறி நின்றது. எஸ்ஜியில் பிரிட்ஜ் பிக்கப் மேலே, நெக் பிக்கப் பாதாளத்தில். அண்ணா சொன்ன அளவுக்கு நான்கையும் கொண்டுவந்தோம்.

நண்பனை ஆம்பின் முன்னால் எனக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். டேப் கோட்டுக்கு நேரே மட்டும் மீட்டினேன். உரப்பைக் கடைப் பையன் போனில் ஒரு மீட்டர் ஆப்பை வைத்துச் சரிக்கட்டினான்.

பிரிட்ஜ் பிக்கப், ஓவர்டிரைவ்: நண்பனால் சொல்ல முடியவில்லை. ‘இதுதான் லெஸ் பால்’ என்று அடித்துச் சொன்னது எஸ்ஜி. பிறகு அவன் வாசித்து நான் திரும்பி உட்கார்ந்தேன், எனக்கும் அதே கதி. நெக் பிக்கப், கிளீன்: இதில் இரண்டு பேருக்குமே தெரிந்தது. லெஸ் பால் உருண்டு வருகிறது, எஸ்ஜியில் சுரத்தின் ஆரம்பம் தெளிவாக, கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறது. முதல் நாள் கேட்ட மாதிரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இல்லை, ஆனால் இருக்கிறது.

டேப்பை எடுத்துவிட்டு நின்றுகொண்டு சாதாரணமாக வாசித்தேன். நண்பன் என் கையை வீடியோ எடுத்தான். எஸ்ஜியில் வலது கை நிஜமாகவே பிரிட்ஜ் பக்கம் போய்விடுகிறது. சத்தமும் உடனே கடிக்க ஆரம்பிக்கிறது. பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

இப்போது புதுக் குழப்பம். பிரிட்ஜில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. நெக் கிளீனில் லெஸ் பால்தான் அழகு. சர்ச்சுக்கு எனக்கு அந்தச் சத்தம்தான் முக்கியம். அப்போ லெஸ் பால்தானே?

உறையூர்_சால்டர்

கடையில் தனியாக வாசிக்கும்போது அழகு. உங்கள் சர்ச்சில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கீபோர்டு அண்ணன் இடது கையில் பேட் (நீளமாக இழுத்துப் பிடிக்கும் பின்னணி) சத்தத்தை நிரப்பி வைத்திருப்பார். பேஸ் கிட்டார் ஒன்று இருக்கும். நான் பார்த்தவரை நம் ஊர் சர்ச் ஹால்களில் சுவர் முழுக்க வெறும் சிமெண்ட், எதிரொலி பேஸில்தான் தேங்கும். லெஸ் பால் நெக் பிக்கப்பின் அந்த உருண்டை, பேஸும் பேடும் குடியிருக்கிற அதே இடத்தில் போய் உட்காரும். மூன்று பேரும் ஒரே பாயில் படுத்தால் யாருக்கும் தூக்கம் வராது. சவுண்ட் பார்க்கிறவர் உங்கள் சேனலில் பேஸைத்தான் முதலில் வெட்டுவார். வெட்டிய பிறகு உங்கள் லெஸ் பால் கிட்டத்தட்ட எஸ்ஜி மாதிரிக் கேட்கும், தோளில் மட்டும் லெஸ் பாலாகவே இருக்கும்.

ஆகவே என் வாக்கு எஸ்ஜிக்கு. தனியாக உட்கார்ந்து வீட்டில் வாசிக்கிறவர், அல்லது டிரம்ஸ், பேஸ், ஒரே கிட்டார் என்று மூன்று பேர் பேண்டில் இருக்கிறவர் கேட்டிருந்தால் லெஸ் பால் என்றே சொல்லியிருப்பேன். அங்கே நிரப்ப இடம் இருக்கிறது.

நெக் பிக்கப்பில் கொஞ்சம் உருண்டை வேண்டும் என்றால் டோன் நாபை 7-க்கு இறக்கிவிட்டு, வலது கையை ஃப்ரெட்போர்டு முடிகிற இடத்துக்கு நகர்த்துங்கள். டேப் வைத்துப் பார்த்தவர், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோவை_கொம்பு

நெக் பிக்கப் வால்யூமையும் 7, 8 என்று வைத்துப் பழகுங்கள். கிளீன் இன்னும் கிளீனாகும். தனி லீட் வரும்போது பிரிட்ஜ் வால்யூம் 10-இல் காத்திருக்கும், சுவிட்சைத் தட்டினால் போதும். இரண்டு வால்யூம் வைத்த கிட்டாரில் எனக்குப் பிடித்ததே இதுதான். பசிஃபிகாவில் இந்தச் சௌகரியம் இருந்திருக்காது.

தேக்குமரம்

மூன்று பேர் ஒரே பாயில் என்பதை ரசித்தேன். ஆனாலும் நெக் கிளீனில் வித்தியாசம் தெரிந்ததல்லவா, அது என் மேப்பிள்தான் என்று நான் நம்பிக்கொள்கிறேன். யாரும் தடுக்காதீர்கள்.

உறையூர்_சால்டர்

அந்த எஸ்ஜியில் ப்ரோபக்கர் மாட்டி மறுபடி கேட்டால்தான் அந்த வழக்கு தீரும். யாராவது இரண்டையும் என் பட்டறைக்குக் கொண்டுவந்து கொடுங்கள், சால்டர் செலவு என்னுடையது.

பாளை_ரிதம்

எஸ்ஜி வாங்கிவிட்டேன். நண்பனை எஸ்ஜி என்று நம்பவைத்த லெஸ் பாலைக் கடைசியாக ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கிளம்பினேன், கொஞ்சம் வருத்தம்தான். தோல் ஸ்ட்ராப், ஹார்டு கேஸ் இரண்டும் வாங்கியாயிற்று கோவை அக்கா. பணம் சுத்தமாகக் காலி.

கடைசியாக ஒரு சந்தேகம். கடையில் ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) அருமையாக இருந்தது, 12-வது ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பி 2 மி.மீ. இருக்கும். ஊருக்கு வந்து பார்த்தால் கொஞ்சம் ஏறின மாதிரித் தெரிகிறது. நெக் கெட்டுப்போய்விட்டதா? ட்ரஸ் ராடைத் திருகலாமா?

உறையூர்_சால்டர்

கெடவில்லை. பல நாளாக ஏசி ஓடும் அறையில் தொங்கிக்கொண்டிருந்த மரம், இப்போது உங்கள் வீட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் கேஸிலிருந்து எடுத்து வாசியுங்கள், ட்ரஸ் ராடைத் தொடாதீர்கள். பிறகு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டில் விரலால் அழுத்தி, 7-வது, 8-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 0.25 மி.மீ. பக்கம் இருந்தால் நெக்கை விட்டுவிட்டு, பிரிட்ஜில் இரண்டு பக்கத் திருகையும் கொஞ்சம் இறக்கினால் போதும். அதைவிட அதிகமாக இருந்தால் மட்டும் ராடைக் கால் சுற்று வலப்பக்கம் இறுக்குங்கள், மறுநாள் வரை பொறுத்திருந்து மறுபடி அளங்கள். இறுக மறுத்தால் பலம் போடாதீர்கள், போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.